உய்த்துணர் வினாவா, ஊக வினாவா?

அன்புடையீர்,

ஆங்கிலப் பயிற்சிநூலின் தமிழ்க் குறிப்புகள் நாளை மறுநாள் அச்சுக்குப் போகின்றன. அதற்குள் கேள்வி வகைகளுக்கான தமிழ்ப் பெயர்களை முடிவு செய்ய வேண்டும். பத்தியில் உள்ளதை அப்படியே எடுத்தெழுதும் கேள்விக்கு ‘நேர்விடை வினா’ என்று முடிவாகிவிட்டது. இலக்கண நூலான நன்னூல், ‘ஆம்’ என்னும் உடன்பாட்டு விடையைத்தான் ‘நேர்’ என்கிறது என்ற தடை சரியானதே. ஆயினும் மாணவர் அதனால் இடறமாட்டார்கள்.

சிக்கல், விடை பத்தியில் சொல்லாக இல்லாமல் பொருளாக மட்டும் இருக்கும் கேள்விக்குப் பெயரிடுவதில்தான். ‘மீரா குடையை உதறி மடக்கிவிட்டு உள்ளே வந்தாள்’ என்பது பத்தி. ‘வெளியே மழை பெய்ததா?’ என்பது கேள்வி. மழை என்ற சொல்லே பத்தியில் இல்லை. ‘உதறி’ என்ற ஒரு வினையெச்சம்தான் சான்று. வெறுமனே ‘மடக்கி’ என்றிருந்தால் அது வெயிலுக்குப் பிடித்த குடையாகவும் இருந்திருக்கலாம்.

இதற்கு ‘ஊக வினா’ எல்லோருக்கும் புரியும் என்கிறீர்கள். அந்த எளிமையே என் அச்சம். ‘ஊகமாகச் சொன்னேன்’ என்றால் ஆதாரமின்றிச் சொன்னேன் என்பதுதானே இன்றைய வழக்கு? அந்தப் பெயரைப் பார்த்த மாணவர் ‘மீராவுக்கு மழை பிடிக்கும்’ என்று எழுதினால் நாம் எப்படித் திருத்துவது? மணிமேகலைக் காப்பியம் தரும் அளவைகளின் (உண்மையை அறியும் வழிகளின்) வரிசையில் ‘காண்டல்’ என்பதை அடுத்து வரும் ‘கருதல்’ என்பதை நண்பர் ஒருவர் எடுத்துத் தந்தார். புகையைக் கண்டு நெருப்பை அறிவது அதுவே என்பதால் பொருள் துல்லியம்தான். ஆனால் ‘கருது’ இன்று ‘எண்ணு’ என்றாகிவிட்டதால், கேட்டது சொந்தக் கருத்து என்றே மாணவர் கொள்வார்.

நூல் எழுதுவதற்கு நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் இறுதியாக நிற்பது ‘உய்த்துணர வைப்பு’. உய்த்தல் என்றால் செலுத்துதல். ஆசிரியர் சொல்லாமல் விட்டதை, சொன்னதன் வழியே அறிவைச் செலுத்திப் படிப்பவர் உணர்வது. நமக்கு வேண்டிய பொருள் முழுவதும் அதில் இருப்பதால், ‘உய்த்துணர் வினா’ என்பதே என் முன்மொழிவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘உய்த்து’ புரியாது என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. ‘ஒளிச்சேர்க்கை’யையும் அந்தப் பிள்ளை வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்டது.

ஆயினும் பெரும்பான்மையினர் ‘ஊக வினா’ என்றே எழுதியிருப்பதால், இப்பதிப்பில் அதுவே போகட்டும். என் உடன்பாடின்மையைப் பதிவு செய்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அத்தகைய ஒவ்வொரு கேள்வியின் கீழும் ‘விடைக்குச் சான்றான சொல்லை அடிக்கோடிடுக’ என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.