விமானத்தின் நான்கு இலக்கக் குறியீடு நடுவழியில் மாறுவது ஏன்?

கேள்வி: நுவரெலியா வாசகர்

வணக்கம். வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் உயரத்தே செல்லும் விமானங்களைப் பார்த்து, அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று கைப்பேசிச் செயலியில் தேடுவது எங்கள் வீட்டில் வழக்கம். செயலி ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டுகிறது. இலங்கையை நெருங்கும்போது சில விமானங்களுக்கு அந்த எண் மாறுகிறது, சிலவற்றுக்கு மாறுவதில்லை. அது விமானத்தின் அடையாளம் என்றால் எப்படி மாறலாம்? அந்த எண்களில் 8, 9 ஆகிய இலக்கங்களை நான் கண்டதே இல்லை. இன்னுமொன்று, காசல்ரிப் பக்கம் தாழப் பறக்கும் சிறு விமானங்கள் செயலியிலிருந்து மறைந்துவிடுகின்றன. கட்டுப்பாட்டாளரின் திரையிலிருந்தும் அவை மறையுமா?

பதில் 1: பண்டாரவளை வாசகர்

அது விமானத்தின் நிலையான அடையாளம் அன்று. கட்டுப்பாட்டு நிலையம் அந்தப் பயணத்துக்கென வழங்கும் தற்காலிகக் குறியீடு. தரையிலுள்ள ராடார் 1030 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் கேள்வி எழுப்ப, விமானத்திலுள்ள டிரான்ஸ்பொண்டர் 1090 மெகாஹேர்ட்ஸில் தன் குறியீட்டையும் உயரத்தையும் பதிலாக அனுப்புகிறது. ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரையே அமையக்கூடியது என்பதால் கிடைப்பவை மொத்தம் 4096 குறியீடுகள்தாம். உலகம் முழுவதும் பறக்கும் விமானங்களுக்கு இவை போதா. ஆகவே நாடுகள் தமக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகளிலிருந்து குறியீடுகளை வழங்கி, பயணம் முடிந்ததும் அவற்றையே வேறு விமானங்களுக்குக் கொடுக்கின்றன. சென்னை வான்பரப்பிலிருந்து வரும் விமானம் ஒன்றின் குறியீடு கொழும்பு வான்பரப்பில் ஏற்கெனவே வேறொரு விமானத்திடம் இருந்தால், திரையில் இரண்டும் ஒரே பெயரில் தோன்றும் ஆபத்து உண்டு. அதனால்தான் புதிய எண் கொடுக்கப்படுகிறது. முரண்பாடு இல்லையென்றால் பழைய எண்ணே தொடரலாம்.

மூன்று எண்கள் எவருக்கும் சாதாரணமாக வழங்கப்படுவதில்லை: 7500 கடத்தலையும், 7600 வானொலித் தொடர்பு செயலிழந்ததையும், 7700 அவசர நிலையையும் குறிக்கும். எண்ணை மாற்றும்போது தவறுதலாகக்கூட இவற்றைத் தொட்டுவிடக் கூடாது என்று விமானிகளுக்குப் பயிற்சியிலேயே கற்பிக்கிறார்கள்.

பதில் 2: ஹட்டன், ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர்

முன்னவர் கூறியது சரி. ஆனால் குறியீடு தனித்து எதையும் செய்வதில்லை. அதைப் பயணத் திட்டத்தோடு இணைக்கும்போதுதான் திரையில் வெறும் எண்ணுக்குப் பதிலாக விமானத்தின் அழைப்புப் பெயர் தோன்றுகிறது. அந்த இணைப்பில் ஐயம் எழுந்தால் டிரான்ஸ்பொண்டரிலுள்ள ‘ஐடென்ட்’ பொத்தானை அழுத்துமாறு விமானியிடம் கேட்போம். உடனே அவருடைய குறி திரையில் தனித்துத் தெரியும். அவர் சொல்லும் உயரத்தையும் திரை காட்டும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் கட்டாயம்.

கொழும்பு வான்பரப்பு இந்தத் தீவோடு முடிவதன்று. அது தெற்கே நிலநடுக்கோட்டையும் தாண்டி இந்து சமுத்திரத்தில் விரிந்து, சென்னை, மாலே, மெல்பேர்ன் ஆகியவற்றின் வான்பரப்புகளைத் தொடுகிறது. இவ்வளவு பரப்பை ஒருவர் கண்காணிக்க இயலாது என்பதால் அதைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசையும் பொறுப்பாளரும் வைக்கப்படுகின்றன. நெரிசல் குறைந்த நேரத்தில் இரு பிரிவுகளை ஒன்றாக்குவதும், கூடும்போது மீண்டும் பிரிப்பதும் உலகெங்கும் உள்ள முறை. ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு விமானத்தை ஒப்படைப்பதே இந்தத் தொழிலின் மிக நுட்பமான இடம் என்பது என் கருத்து. அடுத்தவர் ஏற்றுக்கொண்டார் என்பது உறுதியாகும் வரை பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. அலைவரிசையை மாற்றும்படி விமானியிடம் சொல்வதற்கு முன்பே உயரமும் பாதையும் ஒத்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் கீழிருந்து பார்க்கும்போது மோதப்போவன போலக் குறுக்கிடும் இரு விமானங்களுக்கிடையே குறைந்தது 1000 அடி உயர வேறுபாடோ, உரிய பக்கவாட்டு இடைவெளியோ இருக்கும். ராடார் பார்வைக்குள் அந்த இடைவெளி பெரும்பாலும் 5 கடல் மைல். ராடார் எட்டாத சமுத்திரப் பகுதியில் அதைவிட மிகப் பெரிய இடைவெளி தேவைப்படுகிறது.

மறுமொழி: நுவரெலியா வாசகர்

மிக்க நன்றி, ஐயா. பிதுருதலாகல உச்சியிலும் ராடார் இருக்கிறதே. அவ்வளவு உயரத்திலிருந்து காசல்ரி தெரியாதா?

பதில் 3: ஹட்டன், ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர்

அங்கே ராடார் அமைத்ததற்குக் காரணமே 2524 மீற்றர் உயரம்தான். ராடார் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், உச்சியில் நிற்கும் கருவிக்கு அடிவானம் மிகத் தொலைவில் அமைகிறது; இவ்வகை ராடார்கள் உயரப் பறக்கும் விமானங்களைப் பொதுவாக 250 கடல் மைல் வரை காணும். ஆனால் இடையில் ஒரு மலைமுகடு இருந்தால் அதற்குப் பின்னாலுள்ள பள்ளத்தாக்கு நிழலில் விழுந்துவிடும். அங்கே தாழப் பறக்கும் விமானத்தின் பதில் எந்த நிலையத்துக்கும் போய்ச் சேராமலிருக்கலாம். உங்கள் செயலி ஆர்வலர்கள் வைத்திருக்கும், விமானச் சமிக்ஞைகளைப் பிடிக்கும் ஏற்பிக் கருவிகளையே பெரும்பாலும் நம்பியிருக்கிறது என்பதால், அதில் ஒரு விமானம் மறைவதைக் கொண்டு கட்டுப்பாட்டாளரும் அதைக் காணவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

மலையகத்தில் உயரத் தகவலை அற்பமாக எண்ணக் கூடாது. 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டினேர் டிசி 8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்த கன்னியர் மலையில் மோதியதில் 191 பேரும் மாண்டனர். தாம் இருக்கும் இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்து முன்னதாகவே இறங்கியதே காரணம். இன்று ராடார் வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர், ஒவ்வொரு பகுதிக்கும் வகுக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்க மாட்டார். டிரான்ஸ்பொண்டர் அனுப்பும் உயரத்தை நிலத்தின் உயரத்தோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் கணினி ஏற்பாடும் பல நிலையங்களில் உண்டு. கண்பார்வையை நம்பிப் பள்ளத்தாக்குக்குள் தாழப் பறப்பவருக்கோ, மலையிலிருந்து விலகிப் பறக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையதே.