ஸ்டார் ட்ரெக்கின் அந்த ஒரு பகுதி: அசல் பிரதியா, திருத்திய வடிவமா?

விண்கலன்:
அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கில் 1967 ஏப்ரல் 6 அன்று ஒளிபரப்பான ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ பகுதியை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். ஆனால், அதை எழுதிய ஹார்லன் எலிசன், தம் பெயரை எடுத்துவிட்டு ‘கார்ட்வெய்னர் பேர்ட்’ என்ற புனைபெயரைப் போடச் சொன்னார். தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெர்ரி மறுத்துவிட்டார். தொடரின் எழுத்தாளர்களான ஜீன் கூன், டோரதி ஃபாண்டானா உட்படப் பலர் திருத்திய கதையைத் தம்முடையதாக எலிசன் ஏற்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் விருது கொடுத்ததும் அவருடைய அசல் திரைக்கதைப் பிரதிக்குத்தான்.

பழைய அலைவரிசை:
ஒளிபரப்பான வடிவத்துக்கு 1968இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்ததையும் சொல்லுங்கள், நண்பரே. கதையில் விண்கலத் தளபதி கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்காவுக்குக் காலப்பயணம் போகிறார்கள். அங்கே கிர்க் நேசிக்கும், ஜோன் காலின்ஸ் நடித்த ஈடித் கீலர் விபத்தில் சாகாமல் உயிர் பிழைத்தால், அவருடைய அமைதி இயக்கத்தால் அமெரிக்கா போரில் இறங்கத் தாமதமாகி, ஹிட்லர் வென்றுவிடுவார். அசல் பிரதியில் கிர்க்கால் ஈடித்தைச் சாகவிட முடியவில்லை, ஸ்பாக்தான் குறுக்கிடுகிறார். திரையிலோ, காப்பாற்ற ஓடும் கப்பல் மருத்துவர் மெக்காயைக் கிர்க்கே பிடித்து நிறுத்துகிறார். தான் நேசித்தவரின் மரணத்தைத் தன் கையாலேயே உறுதிசெய்யும் அந்தக் கணம்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மை உலுக்குகிறது.

விண்கலன்:
கடமைக்கு முன் காதலால் தளர்ந்துபோகும் தளபதி எனக்கு இன்னும் உண்மையான மனிதராகத் தெரிகிறார். அதைவிட, எலிசனுக்கு நேர்ந்த அவதூறு என்னை வருத்துகிறது. அவர் கப்பலின் பொறியாளர் ஸ்காட்டியைப் போதைப்பொருள் விற்பவராக எழுதினார் என்று ராடன்பெர்ரி பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். பிரதியில் அதை விற்பவன் பெக்வித் என்ற வேறொரு கப்பல் பணியாளன். 1996இல் எலிசன் தம் பிரதியை நூலாக வெளியிட்டதும் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்க முடிந்தது.

பழைய அலைவரிசை:
அவதூறு அநியாயம்தான், அதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால், அடுத்த வாரமும் அதே கிர்க் கப்பலை நடத்தியாக வேண்டிய தொடர் இது. தளபதி தன் கடமையில் தவறிவிட்டு மறுவாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கையில் அமர்ந்தால், பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். செலவும் ஒரு காரணம்: வெட்டிச் சுருக்கிய பிறகும் இப்பகுதி வழக்கமான ஒதுக்கீட்டை மிஞ்சியது. மேலும், பெயர் விடுபட்டதற்காக நாம் வருந்த வேண்டியவர் ஃபாண்டானாதான். அவர் எழுதிய காட்சிகளும் வசனங்களும் திரையில் உள்ளன, ஆனால் எழுத்து என்ற இடத்தில் எலிசன் பெயர் மட்டுமே வருகிறது.