கஷ்டப்பட்டு வாங்கின கேம் டிரெஸ்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கல்மண்டபம் மொட்டைமாடி

அசாசின்ஸ் க்ரீட் 2 கேமில் ஒளிந்திருக்கும் நூறு இறகையும் சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த ஆடிட்டோரே மேலங்கி விஷயம் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2012. பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டில் எடுத்த பிஎஸ்3 கேம் கன்சோல். ராயபுரத்தில் ஒற்றை அறை வீடு, டிவிக்கு முன்னால் உட்கார்ந்துதான் அம்மா மீன் ஆய்வார்கள். கரண்ட் கட் வேறு தினமும் 2 மணி நேரம். கதை உங்களுக்கே தெரியும். ஹீரோ எட்ஸியோ ஆடிட்டோரேவின் அப்பாவையும் இரண்டு சகோதரர்களையும் தூக்கில் போட்டுவிடுவார்கள். இறகு சேர்த்துக்கொண்டிருந்தது கடைக்குட்டி பெட்ரூச்சியோ. அன்றிலிருந்து அம்மாக்காரி வாயே திறப்பதில்லை, கட்டில் ஓரமாக மண்டிபோட்டபடியே இருப்பார். பக்கத்தில் ஒரு பெட்டி. கிடைக்கிற இறகை அதில் கொண்டுவந்து போட வேண்டும். 50 போட்டால் ஒரு சம்மட்டி, 100 போட்டால் மேலங்கி.

எங்கள் அம்மா கேம் பக்கமே திரும்பாதவர். ஒருநாள் நெத்திலி ஆய்ந்துகொண்டே, "யாருடா அந்தம்மா, எப்பப் பாத்தாலும் முட்டி போட்டுக்கினே கீது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஆய்கிற கை அப்படியே நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து நான் காலேஜ் விட்டு வந்து பையைக் கழற்றுவதற்குள் கேட்பார்: "றெக்கை கெட்ச்சுதா?"

99-ல் மாட்டிக்கொண்டேன். பொக்கிஷப் பெட்டிகளுக்கு கேமிலேயே மேப் விற்பான், இறகுக்கு அதுவும் கிடையாது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, எடுத்ததையெல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தும் மூன்று வாரம் ஓடிவிட்டது.

நூறாவது இறகைப் பெட்டியில் போட்டபோது அம்மா ஈரக் கையோடு பின்னால் நின்றிருந்தார். திரையில் அந்தம்மா எழுந்து பேசினார். "இன்னா சொல்லுது, இன்னா சொல்லுது" என்று என் தோளை உலுக்கினார். சட்டையில் மீன் வாடை ஏறியது. நன்றி சொல்கிறார் என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

சரி, மேலங்கியைப் போட்டால்? எந்த ஊருக்குப் போனாலும் காவலாளிகள் பார்த்த உடனே துரத்துகிறார்கள். தேடப்படும் ஆள் என்று ஒட்டிய சுவரொட்டியைக் கிழித்தும் பயனில்லை, அது உடம்பில் இருக்கிறவரை நீ தேடப்படும் ஆள்தான். ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டேன். மறுநாள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "தம்பி றெக்கைக்குக் குடுத்த துணி எங்கடா?" என்றார். "துவைக்கப் போட்டிருக்காம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வியாசை லெஃப்ட் விங்

அண்ணே, உங்களுக்காவது டிரெஸ் கையில் கிடைத்தது.

என்னுடையது ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேம். எங்கள் தெரு முனை பிரவுசிங் சென்டர், மணிக்கு 15 ரூபாய். பார்பரா என்கிற போலீஸ்காரியோடு பழகி நெருக்கத்தை 100 சதவீதம் ஆக்கினால் ஹீரோ சிஜேவுக்கு போலீஸ் யூனிஃபார்ம் கிடைக்கும். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்து, ஃபுட்பால் பிராக்டிஸுக்கே மட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த கேமில் ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் சேவ் ஸ்லாட் மொத்தம் 8. எட்டும் தெருவுக்கே பொது. நான்காவது என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை போய் லோட் கொடுத்தால், நாலாவது இடத்தில் வேறு மிஷன் பெயர். உள்ளே போனால் சிஜே பனியனோடு, கையில் சைக்கிளோடு, கேம் ஆரம்பிக்கிற லாஸ் சாண்டோஸில் நிற்கிறான். எவனோ ஒரு பொடியன் முதல் மிஷன்களை ஆடிவிட்டு அதன் மேலேயே சேவ் போட்டிருக்கிறான். திரையையே பார்த்துக்கொண்டு பதினைந்து ரூபாயையும் உட்கார்ந்தே தீர்த்தேன்.

பணத்துக்கு மட்டும் ஹெசோயாம் என்கிற சீட் கோட் (குறுக்குவழி) போட்டேன், அதை மறைக்கவில்லை. ஸ்பெல்லிங் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டை ஸ்ட்ரைக்கர்

வியாசை தம்பி, சீட் கோட் போட்டாய் அல்லவா? அப்புறம் எதற்கு ஒப்பாரி? கேரம் போர்டில் காயைக் கையால் தள்ளி பாக்கெட்டில் போட்டுவிட்டு ரெட் எடுத்தேன் என்றால் எவனாவது ஒத்துக்கொள்வானா?

கல்மண்டபம் அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேலங்கி உதவாக்கரை என்று எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. தூக்கில் போட்ட குடும்பத்தின் பெயரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் போனால் துரத்தாமல் மாலையா போடுவான்? நீங்கள் கழற்றியிருக்கக் கூடாது.

என் கதை ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம். லெஜண்ட் ஆஃப் தி ஈஸ்ட் உடுப்பு. ஒன்பது பிரிவு, ஒவ்வொன்றிலும் பத்து சவால், ஆக 90. அதில் சூதாட்டப் பிரிவின் எட்டாவது சவால் என் தூக்கத்தைக் கெடுத்தது. பிளாக்ஜாக் என்கிற 21 சீட்டாட்டத்தில் குறைந்தது மூன்று சீட்டு கூடுதலாகக் கேட்டு வாங்கியும் ஜெயிக்க வேண்டும், அப்படி மூன்று ஆட்டம். இரண்டு சீட்டு கேட்பதற்குள்ளேயே 21-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் தோல்வி. திறமைக்கு அதில் வேலையே இல்லை.

கேமில் வரும் வான் ஹார்ன் ஊரில் உட்கார்ந்து நான்கு இரவு ஆடினேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்த அப்பா, விடிகாலையில் எழுந்து என் பின்னால் நின்றார். 2, 4. கேட்டேன், 3. கேட்டேன், 2. பதினொன்று. "இன்னொண்ணு கேளு" என்றார். அந்த மனுஷன் ஆயுசில் சீட்டைத் தொட்டதில்லை. கேட்டேன், ராஜா வந்தான், அவனுக்குப் பத்து. 21. அப்பா "ம்" என்று சொல்லிவிட்டு சொம்பை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். மற்ற 89-ம் எனக்கு மறந்தே போய்விட்டது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இந்த உடுப்பு ஹீரோ ஆர்தருக்குக் கிடைக்காது. மூலிகைச் சவாலுக்கு வேண்டிய சில செடிகள் நியூ ஆஸ்டின் என்கிற பகுதியில்தான் முளைக்கும், ஆர்தர் அங்கே கால் வைத்தாலே சுட்டுவிடுவார்கள். கடைசியில் ஜானை வைத்து ஆடும்போதுதான் முடியும்.

வியாசை லெஃப்ட் விங்

யோவ், நான் இன்னும் நாலாவது அத்தியாயத்தில்தான் இருக்கிறேன்! ஏன் ஜான், ஆர்தர் எங்கே போனான்?

சீட் விஷயம்: பணத்துக்குப் போட்டேன், பார்பராவுக்குப் போடவில்லை. இரண்டும் ஒன்றா?

எண்ணூர் உப்புக்காற்று

என் கதை சின்னது. ஸ்பைடர்மேன், பிஎஸ்4. ஊரெல்லாம் கிடக்கும் 55 பையையும் எடுத்தால் ஹோம்மேட் சூட் என்கிற டிரெஸ். எடுத்தேன், போட்டேன், முடிந்தது.

ஆனால் மேலே எல்லாம் படித்தபோது பொறுக்கவில்லை. வியாசை தம்பி, சான் ஆண்ட்ரியாஸ் சேவ் எல்லாம் மை டாக்குமெண்ட்ஸுக்குள் ஜிடிஏ பெயரில் இருக்கிற ஃபோல்டரில்தான் இருக்கும். நாலாவது ஸ்லாட் என்றால் ஃபைல் பெயரில் எஸ்எஃப்4 என்று வரும். அந்த ஒரு ஃபைலை பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் அந்தப் பொடியன் என்ன செய்திருந்தாலும் கவலை இல்லை. பிஎஸ்4 வைத்திருக்கிறவர்கள் செட்டிங்ஸில் போய் சேவ் டேட்டாவை யூஎஸ்பியில் காப்பி எடுங்கள், மாதம் ஒருமுறை போதும். ஆட்டோசேவ் சின்னம் சுற்றும்போது சுவிட்சைத் தொடாதீர்கள். கரண்ட் போகிற ஏரியா என்றால் கன்சோலுக்கு யூபிஎஸ் வைத்தே ஆக வேண்டும், ஸ்டெபிலைசர் மட்டும் போதாது, அது கரண்ட்டைப் பிடித்து வைக்காது. கடலோரம் இருக்கிறவர்கள் உபயோகிக்காதபோது துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது மூடாதீர்கள், சூடேறிவிடும். தரையில் வைக்கவே வேண்டாம். மிக்ஜாம் வந்தபோது என் பிஎஸ்4 பரணில் இருந்ததால் தப்பியது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணி ஒன்றும் தேறவில்லை.

தண்டையார்பேட்டை ஸ்ட்ரைக்கர்

யூபிஎஸ் பற்றி யார் கேட்டது?

கல்மண்டபம் அண்ணே, அந்தக் கடைசி இறகு எங்கே இருந்தது?

கல்மண்டபம் மொட்டைமாடி

கேமில் வரும் ஃபோர்லி ஊரில். வெனிஸ் கூரைகளை மூன்று வாரம் தடவிக்கொண்டிருந்தேன். அது சதுப்புப் பக்கம் ஓர் இடிந்த சுவர் மேல் மின்னிக்கொண்டிருந்தது. நம் எண்ணூர் கழிமுகம் மாதிரி இடம், சும்மா யாரும் போக மாட்டார்கள்.

கழற்றியிருக்கக் கூடாது என்றீர்கள். நேற்று அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன், அந்த றெக்கை கேம் ஞாபகம் இருக்கிறதா என்று. "துவைக்கப் போட்டது காஞ்சுதா?" என்றார்.