ஃபார்மலினில் கிடக்கும் கலானஸ்: அளந்து பிரிக்கலாமா, கூடாதா?

கோத்தகிரி_வெண்பனி:
வணக்கம். ஸ்வால்பார்டில் (நார்வேயின் ஆர்க்டிக் தீவுகள்) காங்ஸ்ஃபியோர்டன்ங்கிற ஃபியோர்டுல, அதாவது நிலத்துக்குள்ள நீண்டு வர்ற கடல் கிளையில, எடுத்த மிதவை உயிரி மாதிரி, ஆறு பாட்டில், இப்ப எங்க வீட்டு மேஜையில இருக்கு. (2008-ல இந்தியா திறந்த ஹிமாத்ரி நிலையம் அந்தக் கரையிலதான்.) பாதிக்கு மேல கலானஸ். அரை அரிசி நீளமுள்ள கோபிபாட், இறால் சொந்தக்காரன். இதுல ஃபின்மார்கிகஸ் அட்லாண்டிக்காரன், கிளேசியாலிஸ் ஆர்க்டிக்காரன், ரெண்டும் ஒரே வலையில வருது. வழிகாட்டி சொன்னது இதுதான்: வாலை விட்டுட்டு முன்னுடலை மட்டும் அள, கோட்டுக்கு மேல இருந்தா கிளேசியாலிஸ், கீழ இருந்தா ஃபின்மார்கிகஸ். ஐந்தாம் கோபிபோடைட் பருவத்துக்கு (முதிர்ச்சிக்கு முந்தின பருவம்) அந்தக் கோடு 3 மி.மீ.க்குச் சற்றுக் கீழே. நேத்து ராத்திரி 140 அளந்தேன். நீளத்தை வரைபடமாப் போட்டேன், இனத்துக்கு ஒண்ணா ரெண்டு மேடு வரும்னு பார்த்தா ஒரே மேடுதான் வந்துச்சு, அதோட உச்சியே கோட்டு மேல. என்ன எழுதுறது?

பிசிஆர்_முருகு:
எதையும் எழுதாதீங்க. அந்தக் கோடு செத்துப் பல வருஷம் ஆச்சு. நார்வே கரையோரம் மரபணு வச்சுப் பார்த்து 2017-ல எழுதினாங்க. கிளேசியாலிஸ் இருக்காதுன்னு நினைச்ச தெற்கு ஃபியோர்டுகள்லயும் அது இருந்துச்சு. அங்க உருவம் சின்னது, அதனால எல்லாரும் ஃபின்மார்கிகஸ்னு எண்ணிட்டிருந்தாங்க. அடுத்த வருஷம் நீளம், உணர்கொம்பின் சிவப்பு, ஐந்தாம் காலின் பல்வரிசைன்னு எல்லாத்தையும் மரபணுவோட ஒப்பிட்டாங்க. எதையும் எல்லா இடத்துக்கும் நம்ப முடியல.

பழனிமலை_வாத்தியார்:
கொடைக்கானலில் உட்கார்ந்து முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இறால் குடும்பம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முருகு தம்பி, ஃபார்மலினில் ஊறிய பொருளில் உங்கள் பிசிஆர், அந்த மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை, என்ன கிழிக்கும்? அந்தப் பெண் கையில் இருப்பது ஒரு நுண்ணோக்கியும் ஒரு ஊசியும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆட்கள் எதைத் தொட்டாலும் பிளக்கிறார்கள். யூரிதினீஸ் கிரில்லஸ் 1822-இல் பெயர் பெற்ற ஆழ்கடல் ஆம்ஃபிபாட், அதுவும் இறால் சொந்தம்தான். இரு துருவத்திலும், எல்லாப் பெருங்கடலிலும் ஒரே இனம் என்று பாடம் நடத்தினோம். 2013-இல் வந்து ஒன்பது பரம்பரை என்றார்கள். நாளைக்குப் பதினெட்டு என்பார்கள்.

பிசிஆர்_முருகு:
சார், அந்தக் கதையை நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. 3000 மீட்டருக்குக் கீழ இருக்கிறதும் மேல இருக்கிறதும் பிரிஞ்சு நிக்குதுன்னு மரபணு காட்டினதும், அதே மாதிரிகளைத் திரும்ப எடுத்து உருவத்தைப் பார்த்தாங்க. 2015-ல மூணு புது இனத்துக்குப் பேர் வச்சாங்க. ஒண்ணு அந்தகாரே! நம்ம அந்தகாரம்தான், இருட்டு. இன்னொண்ணு சிக்மிஃபெரஸ், முதுகுக் கோடு எஸ் மாதிரி வளைஞ்சிருக்கும். வித்தியாசம் முன்னாடியே இருந்துச்சு, கண்ணுக்குத்தான் எங்க பார்க்கணும்னு தெரியல.

பழனிமலை_வாத்தியார்:
நன்றி. முதுகு வளைவைப் பார்த்துப் பிரித்தது எது, கண்தானே?

பிசிஆர்_முருகு:
சார் 😀 பார்க்கச் சொன்னது எது?

சோலைக்குருவி_உதகை:
நான் பறவை பார்க்கிற ஆளு, கோபிபாட் தெரியாது. ஆனா இந்தச் சண்டை எங்களுக்குப் பழகினதுதான். அவலாஞ்சி சோலையில பார்க்கிற நீல ராபினுக்கு விலாவுல செம்பழுப்பு. பழனி மலையில இருக்கிறதுக்கு அது இல்ல, வயிறு வெள்ளை. ரொம்ப காலம் ஒரே இனத்தோட ரெண்டு உள்ளினம்னுதான் புத்தகத்துல இருந்துச்சு. இப்ப ரெண்டு இனம், 2017-ல ஷோலிகோலான்னு தனிப் பேரினமே கொடுத்தாச்சு. ஆனா எங்களுக்கு நடுவுல பாலக்காட்டுக் கணவாய் இருக்கு. எந்த மலையில நிக்கிறேன்னு தெரிஞ்சாலே பேர் எழுதிடலாம். வெண்பனி அக்காவோட ஃபியோர்டுல கணவாய் எங்க? ரெண்டும் ஒரே தண்ணியில நீந்துதே.

பிசிஆர்_முருகு:
அதுதான் விஷயமே. கணவாய் பிரிச்சு வச்ச ரெண்டு கூட்டம் கலந்தா என்ன ஆகும்னு யாரும் சோதிக்க முடியாது. இங்க கடல் தினமும் சோதிக்குது. ஒரே ஃபியோர்டுல வாழுற இடத்துல உட்கரு மரபணுவுல இன்டெல் குறிப்பான்களை (மரபணு எழுத்து கூடியோ குறைஞ்சோ இருக்கிற இடங்கள்) வச்சுப் பார்த்தும் கலப்பினம் கிடைக்கல. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா மட்டும்தானேன்னு சார் சொல்ல வருவார், அதுக்காகத்தான் உட்கருவைச் சொன்னேன். ரெண்டு இனம்ங்கிறதுல சந்தேகமே இல்ல.

பழனிமலை_வாத்தியார்:
இரண்டு இனம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? எத்தனை இனம் என்பது ஒரு கேள்வி. இந்தக் கிண்ணியில் கிடக்கும் இந்த ஒன்று எது என்பது வேறு கேள்வி. முதலாவதில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதற்கு அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதில் வரவில்லை.

அண்டார்டிக் ஆழ்கடலில் 2002 முதல் 2005 வரை நடந்த ஆண்டீப் பயணங்களில் 674 வகை ஐசோபாட் (இதுவும் இறால் சொந்தம்) கிடைத்தன, 585 அறிவியலுக்குப் புதியவை. அவற்றைக் குவியல் குவியலாகப் பிரித்து வைத்தது ஊசி பிடித்த கைதான். ஆழ்கடல் ஐசோபாட்டில் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனமாக எழுதிவைத்த கதையும் உண்டு, அது எங்கள் பக்கத்துக் கறை.

பிசிஆர்_முருகு:
இது நியாயம். அப்ப நேரா சொல்றேன் அக்கா. மிச்சம் ஏதாவது ஆல்கஹால்ல இருக்கான்னு கேளுங்க. ஒரு உணர்கொம்புத் துண்டு போதும், உடம்பு அப்படியே இருக்கும். கொஞ்சத்துக்கு மரபணு பார்த்து, அந்த ஃபியோர்டுல அந்தப் பருவத்துல நீளம் எவ்வளவு ஏமாத்துதுன்னு தெரிஞ்சுக்கலாம். கோட்டை மட்டும் நம்பினா, சின்ன கிளேசியாலிஸ் எல்லாம் அட்லாண்டிக்காரனா எண்ணப்படும். ஆர்க்டிக் சூடாயிடுச்சு, தெற்குக்காரன் வந்துட்டான்னு கட்டுரை வரும். வந்தது யாருன்னே தெரியாம.

கோத்தகிரி_வெண்பனி:
கேட்டுட்டேன். கப்பல்லயே எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டாங்களாம், "பத்திரமா இருக்கட்டும்னு". அடுத்த பயணத்துக்கு ஆல்கஹால் பாட்டில் நானே எழுதிக் கொடுத்திருக்கேன்.

இப்போதைக்கு அட்டவணையில மூணாவது பத்தி போட்டேன்: "கலானஸ், பிரிக்கவில்லை". 140-ல 61 அதுக்குள்ள போயிடுச்சு. வழிகாட்டிக்குப் பிடிக்கல. கோழைத்தனம்னு சொன்னார்.

பழனிமலை_வாத்தியார்:
கோழைத்தனம் இல்லையம்மா. 61-ஐயும் தூக்கி எறியாமல் எண் போட்டுக் குப்பியில் வை. ஒரு பெரிய பெண் கலானஸின் ஐந்தாம் காலைக் கழற்றிப் படம் போடு. உள்விளிம்பு எவ்வளவு குழிந்திருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டும். நம்ப மாட்டேன், பார்க்கத்தான்.

கோத்தகிரி_வெண்பனி:
கழற்றி கிளிசரின்ல வச்சாச்சு சார். குளிருக்கு என் மூச்சே லென்ஸ்ல படிஞ்சு மறைக்குது, மூக்கைத் துண்டால கட்டிக்கிட்டுப் பார்க்கிறேன். பல்வரிசை நடுவுல உள்ளே வளையுற மாதிரி இருக்கு, ஆனா காலைக் கொஞ்சம் திருப்பினா நேராத் தெரியுது. பாதிப் பல் எண்றதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. காலையில படம் போடுறேன்.