மதியத்துக்கு மேல் அம்பு இடப்பக்கம் ஒதுங்குகிறது: சைட் கோளாறா, காற்றா?

கேள்வி:
ஈ.சி.ஆர். (சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு மைதானத்தில் ரிகர்வ் வில் பழகுகிறேன். 70 மீட்டர், வடக்குப் பார்த்து எய்கிறோம். காலை 7 மணிக்கு அம்பெல்லாம் இலக்கின் நடு மஞ்சளில் நிற்கிறது. 2 மணிக்கு மேல் எய்தால் அத்தனையும் மஞ்சளைச் சுற்றியுள்ள சிவப்பில், இடப்பக்கம். சைட் (வில்லில் குறிபார்க்கும் கருவி) நகர்ந்துவிட்டதோ என்று அதை இடப்பக்கம் தள்ளினேன், சரியானது. மறுநாள் காலையில் எல்லாம் வலப்பக்கம்! அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானான பிளஞ்சரையும் திருகிப் பார்த்துவிட்டேன். அடுத்த மாதம் போட்டி. யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:
முதலில் பிளஞ்சரைப் பழைய இடத்துக்கே கொண்டுவாம்மா. வில்லில் கோளாறு என்றால் காலையிலும் இடப்பக்கம்தானே போயிருக்கும்? இது கடல் காற்று. நிலம் சூடானதும் கிளம்பி வரும். வடக்குப் பார்த்து நின்றால் கடல் உனக்கு வலப்பக்கம்.

கேட்டவர்:
அம்பு பறப்பதே ஒன்றேகால் நொடிதான் அண்ணா. கொடியும் லேசாகத்தான் ஆடுகிறது. அதற்குள் இவ்வளவு தள்ளுமா?

பதில் 2:
தள்ளும். நொடிக்கு 3 மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு மாதிரி அதோடு மிதந்து போனால் அம்பு மூன்றரை மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். அப்படி ஆவதில்லை. பின்னால் இறகு இருப்பதால் வால் காற்றோடு ஒதுங்கி, முனை காற்று வரும் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. அப்புறம் காற்றின் இழுவை அம்பின் நீளவாக்கில்தான் பிடிக்கும். அதில் ஒரு சிறு பங்கு மட்டும் பக்கவாட்டில் தள்ளும். கணக்கு எளிது: காற்றே இல்லாத வெற்றிடத்தில் ஆகும் நேரத்தைவிட அம்பு எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேருகிறதோ, அதைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். 70 மீட்டருக்குத் தாமதம் சுமார் 0.05 நொடி. ஆக, விலகல் 15 சென்டிமீட்டர். இலக்கில் ஒரு வளையத்தின் அகலம் 6.1 சென்டிமீட்டர், நடுவில் நிற்க வேண்டியது எட்டுப் புள்ளிச் சிவப்பு வளையத்தில் நிற்கும். மெல்லிய தண்டு, சின்ன இறகு என்றால் இழுவை குறையும், விலகலும் குறையும்.

பதில் 1:
காற்று ஒரே சீராக அடித்தால் சைட்டை நகர்த்தலாம், தப்பில்லை. மாலையில் மறக்காமல் திருப்பி வை. விட்டு விட்டு அடித்தால் சைட்டைத் தொடாதே; வலப்பக்கச் சிவப்பில் குறி வை. இலக்கின் மேலுள்ள கொடியை மட்டும் நம்பாதே, நடுவழியில் புல் எப்படிச் சாய்கிறது என்றும் பார்.

கேட்டவர்:
சைட்டைக் காலை அளவுக்கே வைத்துவிட்டு, இன்று 3 மணிக்கு வலப்பக்க எட்டைக் குறிபார்த்து எய்தேன் அண்ணா. ஆறில் நான்கு மஞ்சள். மீதி இரண்டும் வலப்பக்கச் சிவப்பு. அந்த நேரம் புல் அசையவே இல்லை, நான்தான் கவனிக்காமல் விட்டேன்.