குறைமாதக் குழந்தையின் 'ஊட்டுவாக்கு': ஒரு கலைச்சொல் விவாதம்

தொகுப்பாளர், ராமநாதபுரம்:

எல்லோருக்கும் வணக்கம்.

தொண்டி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள தாய்மார்களுக்கும் செவிலியருக்கும் பொதுவாகத் தயாராகும் கையேட்டில் ஒரு பக்கம் மட்டும் பாக்கி நிற்கிறது. குறைமாதக் குழந்தைக்கு, இரைப்பை வரை செலுத்திய டியூப் வழியாகப் பால் விடும்போதும், விட்ட பிறகும் உடம்பை எந்த நிலையில் வைத்திருப்பது என்ற பக்கம். அந்தச் செயலுக்கு ஒரே சொல் தேவை. வரைவில் 'உடல்நிலைப்படுத்தல்' என்று எழுதியிருக்கிறேன். 'கிடத்துமுறை' இன்னொரு யோசனை. துணைச்சொல்லாக 'தலையுயர்த்தல்' இருக்கிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

செவிலியர், பச்சிளங்குழந்தைகள் பிரிவு:

ஐயா, மூன்றுமே வேண்டாம்.

'உடல்நிலை' என்று காதில் விழுந்ததும் "பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றுதான் தாய் கேட்பாள். 'கிடத்துதல்' அதைவிட மோசம். நம் பக்கத்தில் 'கிடத்தியிருக்கிறார்கள்' என்றால் அது துக்க வீடு. 1,200 கிராம் பிள்ளையை வார்மர் என்கிற சூடூட்டும் படுக்கையில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிற அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டையும்விட ஆபத்தானது 'தலையுயர்த்தல்'. தலையை உயர்த்து என்றால் மடித்த துணியைத் தலைக்கு அடியில் செருகுவார்கள். அம்மாக்கள் மட்டுமல்ல, புதிதாகப் பணிக்கு வருகிறவர்களும்தான். குறைமாதக் குழந்தைக்குப் பின்மண்டை பெரிது, கழுத்துத் தசையில் வலு கிடையாது. இரண்டு விரல் கனத்துக்குத் துணி வைத்தாலே தாடை நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக்குழாய் இளசு என்பதால் அந்த வளைவிலேயே நசுங்கும். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு சரியும், பின்னாலேயே இதயத்துடிப்பு நூறுக்குக் கீழே இறங்கும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலை நிறுத்திவிடுவார்கள். காரணம் அந்தத் துணி.

உயர்த்த வேண்டியது தலையை அல்ல, தலைமாட்டை. தலைமாடு, கால்மாடு என்ற சொற்கள் எல்லா வீட்டிலும் புழங்குகின்றன. 'தலைமாட்டுச் சாய்வு' என்று எழுதினால் மெத்தையின் பலகை முழுவதும் சாய வேண்டும் என்பது தானாகப் புரியும். 60 செ.மீ. நீள மெத்தையில் தலைமாட்டை 15 செ.மீ. தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி, 30 செ.மீ. தூக்கினால் 30 டிகிரி. 30 டிகிரியில் குழந்தை வழுக்கிக் கால்மாட்டுக்கு வந்து சுருண்டுவிடும். வயிறு மடிந்தால் பால் மேல்நோக்கித்தான் வரும். எவ்வளவு சாய்த்தாலும் புட்டத்துக்குக் கீழே சுருட்டிய துணி தாங்கலாக இருக்க வேண்டும்.

அந்தத் துணிச் சுருளுக்கும் ஒரு பெயர் தருகிறேன்: 'துணியணை'. தலையணை போல. துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டியை நீளவாக்கில் மடித்து, குழந்தையின் கை மணிக்கட்டுக் கனத்துக்கு அல்ல, பெரியவரின் மணிக்கட்டுக் கனத்துக்குச் சுருட்டி, லாட வடிவில் புட்டத்தையும் இரு பக்கங்களையும் சுற்றி வைப்பது. கை இரண்டும் முகத்தருகே வர வேண்டும், முழங்கால் மடிந்திருக்க வேண்டும். சுருள் முகத்துக்கு மேலே போகக் கூடாது.

குழந்தை மருத்துவர், பரமக்குடி:

சிஸ்டர் சொன்ன தலைமாட்டுச் சாய்வை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கையேட்டின் படத்திலும் தலைக்கு அடியில் எதுவும் இல்லை என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பக்கங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லைத் தேர்ந்தெடுக்க இது அவசியம். இரைப்பையில் உணவுக்குழாய் வந்து சேரும் வாய் ஒன்று, குடலுக்குத் திறக்கும் வாய் இன்னொன்று. குடல்வாய் வலப்பக்கம் இருக்கிறது. வலது பக்கம் ஒருக்களித்தால் பால் அந்த வாயை நோக்கி இறங்கும், இரைப்பை சீக்கிரம் காலியாகும். ஆனால் மேல்வாயும் பாலில் மூழ்கியிருக்கும், அது தற்காலிகமாகத் தளரும் தடவைகளும் கூடும், எதுக்களிப்பு அதிகமாகும். இடது பக்கம் ஒருக்களித்தால் மேல்வாய் பாலுக்கு மேலே நிற்கும். எதுக்களிப்பு குறையும், காலியாவது தாமதமாகும். குப்புற வைத்தால் எதுக்களிப்பும் குறைவு, மூச்சும் சீராக ஓடும், ஆனால் மானிட்டர் மாட்டியிருந்தால் மட்டும்தான் அப்படி வைக்கலாம். முதல் ஒரு மணி நேரம் வலது, பிறகு இடது என்று மாற்றுவதும் ஆராயப்பட்ட முறை. எதுக்களிக்கிற குழந்தைக்கு இடது, வயிறு உப்புகிற குழந்தைக்குச் சிறிது நேரம் வலது என்று நான் முடிவெடுப்பேன். எல்லாருக்கும் ஒரே பக்கம் என்று கையேட்டில் எழுத வேண்டாம்.

32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று நாள் தனிக்கணக்கு. தலையை ஒரு பக்கம் நன்றாகத் திருப்பினால் கழுத்துச் சிரை அழுந்தி மூளையிலிருந்து இரத்தம் வடிவது தடைபடலாம். அந்த நாட்களில் மூக்கு, தொப்புள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைப்பதே பல பிரிவுகளின் வழக்கம். புரட்ட வேண்டியிருந்தால் தலையும் உடம்பும் சேர்ந்தே திரும்ப வேண்டும்.

படுக்க வைப்பதற்கு முன் டியூப் சரியாக இருக்கிறதா என்பதும் இதே பக்கத்தில் வர வேண்டும். 1,500 கிராமுக்குக் கீழே 5 எண் (5 Fr அளவு) டியூப், வாய் வழியாக. மூக்கில் விட்டால் குழந்தையின் மூச்சுவழியே குறுகிவிடுகிறது. வாயோரத்திலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவே என்று அளந்து குறிபோட வேண்டும். டியூபிலிருந்து இழுத்துப் பார்க்கும் துளி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதை மட்டும் நம்பக் கூடாது, உணவுக்குழாயில் நுனி இருந்தாலும் அதே சத்தம் வரும்.

செவிலியர்:

டாக்டர், ஒன்று சேர்க்கிறேன். நெஞ்சோடு அணைத்துக் கங்காரு பராமரிப்பில் இருக்கும்போது அம்மாவின் வியர்வையும் நம் ஊர் உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்து கன்னத்துப் பிளாஸ்டர் உரிந்துவிடுகிறது. டியூப் ஒரு செ.மீ., இரண்டு செ.மீ. வெளியே வந்திருக்கும், யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாலுக்கு முன்பும் உதட்டருகே உள்ள குறியைப் பார்த்தாக வேண்டும்.

பால் இறங்கும் வேகமும் படுக்கையோடு சேர்ந்ததுதான். 1,200 கிராம் குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மி.லி. கணக்கில் நாளைக்கு 180 மி.லி., இரண்டு மணிக்கொரு தடவை 15 மி.லி. உந்துதண்டை எடுத்துவிட்ட சிரிஞ்சைக் குழந்தையின் வயிற்று மட்டத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பிடித்தால் 15, 20 நிமிடத்தில் தானாக இறங்கும். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் சிரிஞ்சைத் தாழ்த்துங்கள். தண்டைப் போட்டு அழுத்தவே கூடாது. தலைமாட்டை இறக்கினாலோ ஏற்றினாலோ இந்த உயரமும் மாறும், கவனித்துக்கொள்ள வேண்டும்.

இயன்முறை மருத்துவர், கீழக்கரை:

இத்தனையும் அடங்குகிற சொல் வேண்டும்: எந்தப் பக்கம், கழுத்து எப்படி, எவ்வளவு சாய்வு. 'நிலை' என்றால் அசையாமல் நிற்கிற பொருள் வந்துவிடுகிறது. இது நிமிடக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்கிற வேலை.

நம் வீடுகளில் "நின்னவாக்குல சாப்பிடாதே", "படுத்தவாக்குல தண்ணி குடிக்காதே, புரையேறும்" என்று சொல்லாத பாட்டி உண்டா? உடம்பை வைத்திருக்கும் விதத்தையும் உண்பதையும் அந்தப் பேச்சு ஏற்கனவே இணைத்துவிட்டது. அதையே எடுத்து 'ஊட்டுவாக்கு' என்று வைத்துக்கொள்ளலாம். இடவாக்கு, வலவாக்கு, குப்புறவாக்கு, மல்லாந்தவாக்கு, தாயின் நெஞ்சோடு அணைத்திருந்தால் நெஞ்சுவாக்கு என்று கிளைச்சொற்கள் தாமாகவே விழுகின்றன.

தொகுப்பாளர்:

'வாக்கு' என்றால் ஓட்டு என்றும் பேச்சு என்றும் எடுத்துக்கொள்வார்களே. கலைச்சொல்லுக்கு இது வீட்டுப் பேச்சாகவும் தோன்றுகிறது.

குழந்தை மருத்துவர்:

வீட்டுச் சொல் என்பது குறையே இல்லை. குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடை நம் சமையலறைப் பொருள்தான். அந்தப் பெயரிலேயே இன்று பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் அது இருக்கிறது. 'படுத்தவாக்கில்' என்று படிக்கும் யாரும் தேர்தலை நினைப்பதில்லை. தனியே 'வாக்கு' என்று எழுதாமல் எப்போதும் கூட்டுச்சொல்லாகவே எழுதினால் போதும். என் ஒப்புதல் 'ஊட்டுவாக்கு'க்கு.

ஒரே நிபந்தனை. இடது, வலது என்பதை வரையறுக்காமல் விடக் கூடாது. கால்மாட்டில் நிற்கிற அம்மாவுக்குக் குழந்தையின் இடது அவளுடைய வலது. இடது பக்கம் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்ற குழப்பமும் வருகிறது. குழந்தையின் எந்தக் கை மெத்தையில் படுகிறதோ அதுவே பக்கம். இடது கை கீழே இருந்தால் இடவாக்கு.

செவிலியர்:

எனக்கும் சம்மதம். குறிப்பேட்டில் 'ஊட்டுவாக்கு' என்று ஒரு கட்டம் போட்டால், இ, வ, கு, ம, நெ என ஓரெழுத்தில் முடித்துவிடலாம். நெஞ்சுவாக்குக்கு 'மார்பு' என்று வைத்து 'மா' போட வேண்டாம், இரவுப் பணியில் 'ம'வும் 'மா'வும் கலந்துவிடும். பக்கத்திலேயே சாய்வு: "காலை 8, 15 மி.லி., இ, 15 டிகிரி." ராமேஸ்வரத்திலிருந்து அனுப்பினாலும் பரமக்குடியிலிருந்து அனுப்பினாலும் வாங்குகிறவருக்கு ஒரு பார்வையில் தெரியும். அடுத்த பாலுக்குள் வயிற்றுச் சுற்றளவு 2 செ.மீ. கூடியிருந்தாலோ, பச்சையாகக் கக்கினாலோ பாலை நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அந்தக் கட்டத்தின் கீழேயே அச்சாகட்டும்.

தொகுப்பாளர்:

சரி, பதிவு இப்படி அமைகிறது:

"ஊட்டுவாக்கு: குழாய் வழியாகப் பால் இறங்கும்போதும் அடுத்த ஒரு மணி நேரமும் குழந்தையின் உடம்பு, கழுத்து, தலைமாட்டுச் சாய்வு மூன்றையும் சேர்த்து அமைப்பது. தலைக்கு அடியில் துணி வைப்பது இதில் சேராது."

செவிலியர்:

நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அதை விட முடியாது. ஆஸ்பத்திரியில் குப்புற வைத்ததைப் பார்த்த அம்மா வீட்டிலும் அப்படியே வைப்பாள். கர்ப்பக் கணக்கில் 32 வாரம் கடந்து உடம்பு தேறியதுமே மல்லாந்து தூங்கப் பழக்க ஆரம்பிக்க வேண்டும். இந்த வரியைச் சேருங்கள்: "ஊட்டுவாக்கு ஆஸ்பத்திரிக்கு உரியது. வீட்டில் தூங்க வைக்கும்போது மல்லாந்தவாக்கு மட்டும், கெட்டியான சமதள மெத்தையில். சேலைத் தூளியில் கழுத்து மடங்கும், குறைமாதப் பிள்ளைக்கு வேண்டாம்." இது கொட்டை எழுத்தில் வரட்டும்.