ஃபிளிப்டு கிளாஸ்ரூம்: ‘தலைகீழ் வகுப்பறை’க்கு மாற்றாக ‘முன்பயில் வகுப்பு’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாணவர்கள் பாடத்தை முன்னதாகவே பயின்று வந்து, வகுப்பு நேரத்தில் கூடி ஆராயும் கற்பித்தல் முறையே ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’. அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகத் ‘தலைகீழ் வகுப்பறை’ என்பது நம் குழுவின் இந்த உரையாடல் இழையில் ஏறத்தாழ ஏற்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக ‘முன்பயில் வகுப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். நான் கல்வியியல் பயிலும் மாணவ ஆசிரியர். நாளை வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எதற்காகக் கையாளப்போகிறேன் என்னும் கேள்வி இச்சொல்லோடு பிணைந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2007-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேதியியல் ஆசிரியர்களாக இருந்த ஜொனாதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் ஆகிய இருவரும், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காகத் தம் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினர். பின்னர் விளக்கவுரையைக் காணொளிக்கு மாற்றிவிட்டு, வகுப்பு நேரத்தைப் பயிற்சிகளுக்கும் ஐயம் தீர்ப்பதற்கும் ஒதுக்கினர். ஆயினும் இக்கருத்து காணொளியோடு பிறந்ததன்று. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களிலேயே மாணவர்களைப் பாடப்பகுதியைப் படித்துவரச் செய்து, வகுப்பில் விரிவுரையைக் குறைத்து வினாக்களை எழுப்பினார். ஒவ்வொருவரும் முதலில் தனியே விடையளிப்பர். பிறகு அருகில் இருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடையளிப்பர். முன்னதாகப் பயின்று வருதல், வந்தபின் கூடி ஆராய்தல் என்னும் இவ்விரண்டுமே இம்முறையின் உயிர்நாடி. காணொளி அதற்கான கருவிகளுள் ஒன்று மட்டுமே.

இந்தப் பொருளைத் ‘தலைகீழ்’ என்னும் சொல் தாங்குமா? ‘தலைகீழ்ப் பாடம்’ என்றால் நம் வழக்கில் கடைசியிலிருந்தும் ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்தல் என்று பொருள். மனப்பாடத்திலிருந்து மாணவரை விடுவிக்க வந்த ஒரு முறைக்கு மனப்பாடத்தின் உச்சத்தைக் குறிக்கும் அடைமொழியைச் சூட்டுவது பொருந்தாது. மேலும், ‘எல்லாம் தலைகீழாகிவிட்டது’ என்றால் கெட்டுப்போயிற்று என்றே கேட்பவர் கொள்வார். முன்மொழியப்பட்ட மற்றொரு சொல்லான ‘புரட்டு வகுப்பு’ பொய்யையும் ஏமாற்றையும் நினைவூட்டுவதால் அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. ‘காணொளி வகுப்பு’ என்பதோ கருவியையே முறையாக்கிவிடுகிறது. நாற்பது பேரையும் உட்காரவைத்துத் திரையில் ஒரு காணொளியை ஓட விடுவதும் அப்பெயருக்குள் அடங்கிவிடும்.

கற்பித்தல் பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்பினருக்குப் புவியீர்ப்பு முடுக்கம் பற்றிய சிறு காணொளியையும், வீட்டில் கைப்பேசி இல்லாதவர்களுக்கு அதே விளக்கத்தை அச்சிட்ட தாளையும் முந்தைய நாளே கொடுத்திருந்தேன். மறுநாள் ஒரு மாணவியின் குறிப்பேட்டு ஓரத்தில் ‘4:10 – ஏன் கழித்தல் குறி?’ என்று எழுதியிருந்தது. காணொளியை அந்த இடத்தில் நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, மீண்டும் கேட்டும் விளங்காததை அவர் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். வகுப்பில் ஒரு வினா எழுப்பினேன்: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்றே பலரும் எழுதினர். தாளில் படித்து வந்திருந்த ஒரு மாணவர், “அப்படியென்றால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டுமே, ஏன் கீழே வருகிறது?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அதன்பின் அந்தக் கழித்தல் குறிக்கும், உச்சியிலும் மாறாத 9.8 என்னும் மதிப்புக்கும் விளக்கம் அவர்களுக்குள்ளேயே பிறந்தது. காணொளியில் பயின்றவரும் தாளில் பயின்றவரும் ஒரே வாதத்தில் சமமாக நின்றனர். ஆகவேதான் கருவியின் பெயர் கலைச்சொல்லுக்குள் வரக்கூடாது என்று வற்புறுத்துகிறேன். கருவி இல்லாத மாணவரைத் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்தும் பெயர் நமக்கு வேண்டாம்.

‘முன்பயில்’ என்பதில் ‘பயில்’ வினைத்தொகையாக நிற்கிறது. பயின்ற, பயில்கின்ற, பயிலும் என முக்காலத்துக்கும் அது இடம் தருவதால் முன்பயில் பாடம், முன்பயில் காணொளி, முன்பயில் தாள், முன்பயில் முறை எனக் கிளைச்சொற்கள் தடையின்றிப் பிறக்கின்றன. வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது; எழுதுவோருக்கு அதுவும் எளிமை. மசூரின் முறைக்கு ‘உடன்பயில் முறை’ என்று வைத்தால் இரண்டும் இணைச்சொற்களாக அமையும்.

இச்சொல் முன்பருவக் கல்வியோடு குழம்பும் என்று சிலர் கருதக்கூடும். அங்கே வழங்குவன ‘முன்பள்ளி’, ‘மழலையர் பள்ளி’ என்பனவே. ‘பயில்’ அவற்றில் இல்லை. ‘முன்பயிற்சி’ என்பதோடு கொண்டுள்ள ஒலியொப்புமை அதைவிட வலுவான தடைதான். ஆனால் பயிற்சி என்பது பழக்குதல், முன்பயில்தல் என்பது கற்றல். தொடரில் வரும்போது வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது.

‘வகுப்பறை’யா ‘வகுப்பு’தானா என்பதில் குழுவின் கருத்தை எதிர்பார்க்கிறேன். பயிலுதலின் முதற்பாதி அறைக்கு வெளியே நிகழ்வதால் ‘வகுப்பு’ போதும் என்பது என் துணிபு. மறுப்பு இருப்பின், மாற்றுச்சொல்லைக் கிளைச்சொற்களோடு சேர்த்து எழுதினால் ஒப்பிட்டு முடிவுசெய்ய உதவியாக இருக்கும்.